ஏர் ஃபில்டரை மாற்றினால் லாரிக்கு மைலேஜ் ஏறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல், சங்ககிரி, கரூர் பக்கம் லாரி வைத்திருப்பவர்களிடம் "கம்பெனி ஃபில்டரைக் கழற்றிவிட்டு இதைப் போடுங்கள், லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூடும்" என்று யாராவது ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது வந்து சொல்லிவிடுகிறார். கழுவிப் போடும் பஞ்சு ஃபில்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், செயற்கை இழை ஃபில்டர், பாதி விலைக்குக் கிடைக்கும் பேப்பர் ஃபில்டர் எனப் பல பெயர்களில் சரக்கு வருகிறது. வண்டியை வைத்துப் பிழைப்பவர்கள் இதுபற்றிக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே. பெரும்பாலும் டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் பாகம்) வைத்த டீசல் லாரிகளைப் பற்றித்தான்; மற்ற வண்டிகள் வரும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

வளவளப்பு வேண்டாம். ஏறுமா, ஏறாதா?

வண்டியில் இருக்கும் ஃபில்டர் நல்ல நிலையில் இருந்தால் ஏறாது. கணக்குப் போட்டால் ஏதோ கொஞ்சம் வரும்; அதை டேங்கிலும் பார்க்க முடியாது, டிரிப் ஷீட்டிலும் பார்க்க முடியாது. ஃபில்டர் மூச்சுமுட்ட அடைத்திருந்தால், புதிதாக எதைப் போட்டாலும் வித்தியாசம் தெரியும். 800 ரூபாய் பேப்பர் போட்டாலும் தெரியும், 8,000 ரூபாய் பஞ்சு போட்டாலும் தெரியும். அந்தப் பெருமை அடைப்பு நீங்கியதற்குச் சேர வேண்டியது.

காற்று தாராளமாகப் போனால் டீசல் நன்றாக எரியும் என்கிறார்களே, அது தப்பா?

பாதி சரி. டீசல் எஞ்சினுக்குள் எப்போதும் தேவைக்கு மேல் காற்று போகிறது. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று போதும். லோடு ஏற்றி நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டி அதைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு காற்றை இழுத்துக்கொண்டுதான் ஓடுகிறது. ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கும் காற்றோடு இன்னும் ஒரு பிடி சேர்ப்பதால் எரிப்பு மாறிவிடாது. டீசல் எஞ்சினின் சக்தியைத் தீர்மானிப்பது இன்ஜெக்டர் விடும் டீசலின் அளவு. பெட்ரோல் வண்டிபோல் காற்றை மூடித் திறக்கும் திராட்டில் இங்கே அந்த வேலையைச் செய்வதில்லை.

மிச்சம் இருக்கும் ஒரே லாபம், ஃபில்டர் வழியாகக் காற்றை உறிஞ்ச எஞ்சின் செலவிடும் உழைப்பு. அதையும் அளந்து பார்த்துவிடலாம்.

சரி, அளந்து காட்டுங்கள்.

28 டன் மொத்த எடையில் ஓடும் 10 வீல் வண்டியை எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் 55–60 கி.மீ. வேகத்தில் அது கேட்கும் சக்தி சுமார் 50 கிலோவாட். அப்போது எஞ்சின் உறிஞ்சும் காற்று, தாராளமாக வைத்தாலும், விநாடிக்கு 100 லிட்டர்.

ஃபில்டர் காற்றைத் தடுக்கும் அளவை 'ரெஸ்ட்ரிக்‌ஷன்' என்பார்கள். தண்ணீர் மட்டத்தில் மில்லிமீட்டராகவோ அங்குலமாகவோ அதைச் சொல்வது வழக்கம். புதிய பேப்பர் ஃபில்டரைவிடப் புதிய பஞ்சு ஃபில்டர் 100 மி.மீ. குறைவாகத் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பவருக்குச் சாதகமான கணக்குதான் இது. 100 மி.மீ. தண்ணீர் என்பது கிட்டத்தட்ட 1 கிலோபாஸ்கல். விநாடிக்கு 100 லிட்டர் காற்றை 1 கிலோபாஸ்கல் குறைந்த தடையில் இழுத்தால் மிச்சமாவது 100 வாட்.

வண்டியின் இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து அதைவிட அதிகம் தின்னும். 50,000 வாட்டில் 100 வாட் என்பது 0.2 சதவீதம். லிட்டருக்கு 4 கி.மீ. தரும் வண்டி 4.008 கி.மீ. தரும். மாதம் 8,000 கி.மீ. ஓடினால் 2,000 லிட்டர் பிடிக்கும். அதில் மிச்சம் 4 லிட்டர். இது உச்சக் கணக்கு. காற்று ஓட்டம் பாதியானால் தடை ஏறத்தாழ கால் பங்காகிவிடும், அதனால் சாதாரண ஓட்டத்தில் மிச்சம் இதைவிடவும் குறையும். அந்த உழைப்பிலும் ஒரு பகுதியை வீணாய்ப் போகும் புகையின் வேகத்தை வைத்து டர்போவே செய்துவிடுகிறது.

லோடு இறக்கக் காத்திருக்கும்போது எஞ்சினை அணைக்காமல் விட்டால் மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டர் போகும். குடோன் வாசலில் இரண்டு மணி நேரம் அப்படி நின்றால், ஃபில்டர் ஒரு மாதம் பாடுபட்டுச் சேர்த்த 4 லிட்டர் அங்கேயே தீர்ந்தது.

அடைத்துப்போன ஃபில்டர் மைலேஜை நிச்சயமாகக் குறைக்குமா?

எந்த எஞ்சின், எவ்வளவு அடைப்பு என்பதைப் பொறுத்தது.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் நிச்சயம் குறைக்கும். அந்தப் பம்புக்குக் காற்று குறைந்தது முழுதாகத் தெரியாது. ஆக்சிலரேட்டரை மிதித்த அளவுக்கு டீசலை விட்டுக்கொண்டே இருக்கும். எரியாத மீதி கரும்புகையாக வெளியே வரும். மேட்டில் இழுக்காது, டிரைவர் ஒரு கியர் இறக்குவார், டீசல் இன்னும் போகும்.

கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் காமன் ரெயில் வண்டிகளில் நடப்பது வேறு. பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், குறைவதை சென்சார் சொல்லும், கம்ப்யூட்டர் டீசலைக் குறைக்கும். புகை வராது, ஆனால் இழுவை போய்விடும். மைலேஜ் அடி வாங்குவது பெரும்பாலும் கியர் இறக்கி ஓட்டுவதால்தான். பி.எஸ்.6 என்ற புகை விதிப்படி வந்த வண்டியில் இன்னொரு வழியும் உண்டு. எரிப்பு கெட்டுக் கரி கூடினால் புகைக்குழாயில் உள்ள டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி சீக்கிரம் நிறையும், அந்தக் கரியை எரித்துச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷன் அடிக்கடி வரும், அதற்கும் டீசல்தான் செலவாகும்.

பெட்ரோல் கார்களில் இது முறையாகச் சோதிக்கப்பட்ட விஷயம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் இன்றைய பெட்ரோல் கார்களின் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் எடுப்பது மந்தமானது. மைலேஜில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. கார்புரேட்டர் வைத்த பழைய கார்களில்தான் அடைத்த ஃபில்டரை மாற்றினால் 2 முதல் 6 சதவீதம் வரை பலன் கிடைக்கும் என்று அமெரிக்க அரசு எரிபொருள் குறிப்பில் சொல்கிறது. "ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும்" என்ற பேச்சின் வேர் அந்தக் கார்புரேட்டர் காலத்தில் இருக்கிறது. கார்புரேட்டர் போய்ப் பல ஆண்டுகளாகியும் பேச்சு போகவில்லை.

நான் மாற்றினேன், எனக்கு அரை கிலோமீட்டர் கூடியது. அது பொய்யா?

நீங்கள் பார்த்தது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. காரணம் வேறாக இருந்திருக்கும். ஃபில்டர் மாற்றிய அன்றே ஆயில், டீசல் ஃபில்டர் எல்லாம் மாற்றியிருப்பார்கள், டயருக்குக் காற்று பிடித்திருப்பார்கள். ஓனர் மைலேஜ் பார்க்கிறார் என்று தெரிந்தால் டிரைவர் காலை அளந்து வைப்பார். சோதனை முடிந்ததும் பழைய கால் திரும்பிவிடும். முந்தின டிரிப் ஃபுல் லோடாகவும் இந்த டிரிப் பாதி வழி காலியாகவும் இருந்திருக்கலாம். பஞ்சு ஃபில்டர் போட்டால் உறிஞ்சும் சத்தம் கேபினுக்குள் கூடுதலாகக் கேட்கும். சத்தம் கூடினால் வண்டி துள்ளுவது போலத் தோன்றுவது மனித இயல்பு.

டேங்க் நிரப்பும் முறையிலேயே பிழை ஒளிந்திருக்கிறது. நுரை அடங்காமல் நாசிலை எடுத்தால் 2–3 லிட்டர் வித்தியாசம் வந்துவிடும். 250 லிட்டரில் 3 லிட்டர் என்பது 1.2 சதவீதம். டீசல் 10 டிகிரி சூடானால் கிட்டத்தட்ட 0.8 சதவீதம் விரியும்; அதிகாலையில் பிடித்த டீசலும் மதியம் பிடித்த டீசலும் எடையில் ஒன்றல்ல. தேடும் லாபம் 0.2 சதவீதம், அளக்கும் கோலே 1 சதவீதத்துக்கு மேல் ஆடுகிறது.

அப்படியானால் நானே நம்பகமாகச் சோதிப்பது எப்படி?

பழையது, புதியது, மறுபடி பழையது என்று மூன்று சுற்று ஓட்டுங்கள். மூன்றாவது சுற்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பழைய ஃபில்டரைத் திரும்பப் போட்டதும் மைலேஜ் பழையபடி இறங்கினால்தான் கூடியது ஃபில்டரால் என்று சொல்ல முடியும். 'பழையது' என்பது அடைத்துப்போன பழசாக இருக்கக் கூடாது. கம்பெனி ஃபில்டரும் புதியதாக இருக்கட்டும்.

ஒவ்வொரு சுற்றும் குறைந்தது 1,000 கி.மீ. ஒரே வழித்தடம், ஒரே டிரைவர். லோடை எடைமேடையில் போட்டு எழுதுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். ஒரே பங்க், ஒரே நாசில், வண்டி நிற்கும் சாய்மானமும் ஒன்றாக இருக்கட்டும். ஆட்டோ கட்-ஆஃப் ஆனபின் இரண்டு நிமிடம் நுரை அடங்க விட்டு, டேங்க் வாயில் ஒரு குறி வைத்து, அதுவரை நிரப்புங்கள். வாய்ப்பிருந்தால் எதையும் மாற்றாத இன்னொரு வண்டியை அதே லோடோடு பின்னாலேயே ஓடவிட்டு, இரண்டின் டீசல் விகிதத்தை ஒப்பிடுங்கள். அன்றைய காற்று, வெயில், மழையெல்லாம் இரண்டு வண்டிக்கும் பொதுவாகிவிடும். பெரிய லாரிகளுக்கான எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) ஜே1321 என்ற சோதனை முறையின் அடிப்படையும் இதுதான்.

இவ்வளவும் செய்தாலும் 2 சதவீதத்துக்குக் கீழே வரும் வித்தியாசத்தை நம்ப வேண்டாம். 10 சதவீதம் கூடும் என்று சொல்லி விற்றிருந்தால், அது உண்மையா பொய்யா என்பது இந்த முறையில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

மைலேஜ் கிடைக்காவிட்டால் போகட்டும், கெடுதல் ஒன்றும் இல்லையே?

இருக்கிறது. உண்மையான செலவே இங்கேதான்.

ஃபில்டரின் வேலை தூசியைப் பிடிப்பது. எவ்வளவு பிடிக்கிறது என்பதை ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சர்வதேச முறைப்படி, எடை போட்ட சோதனைத் தூசியை ஊதி அளக்கிறார்கள். நல்ல பேப்பர் ஃபில்டர் 99.9 சதவீதமும் அதற்கு மேலும் பிடிக்கும். எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர்கள் இந்தச் சோதனையில் 96 முதல் 99 சதவீதம் என்ற அளவில் நிற்பது வழக்கம். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். தாண்டிப் போகும் தூசியைப் பாருங்கள்: ஃபில்டர் வாசலுக்கு ஒரு கிலோ தூசி வந்தால், 99.9 சதவீதம் பிடிப்பது 1 கிராமை உள்ளே விடும். 98 சதவீதம் பிடிப்பது 20 கிராமை விடும். இருபது மடங்கு.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர், கரூரில் ஜல்லி கிரஷருக்குள் நாளெல்லாம் போய்வரும் டிப்பர், தூத்துக்குடி துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றும் வண்டி போன்றவற்றுக்கு ஒரு கிலோ தூசி பெரிய விஷயமே இல்லை. எஞ்சினைத் தேய்ப்பது கண்ணுக்குத் தெரியும் மணலைவிட 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள பொடிதான். தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் லைனருக்கும் நடுவில் உள்ள ஆயில் படலத்துக்குள் நுழைய அந்தப் பொடிக்குச் சரியான அளவு. உள்ளே போனதும் அது உப்புத்தாள் வேலை செய்யும். ரிங் தேயும், கம்ப்ரஷன் இறங்கும், பிரீதரில் (எஞ்சினின் மூச்சுக்குழாயில்) புகை வரும், ஆயில் குடிக்கும். கடைசியில் மைலேஜும் இறங்கும். மைலேஜுக்காகப் போட்டது மைலேஜையே தின்றுவிட்டுப் போகும்.

சென்னை–பெங்களூரு தார்ச் சாலையில் மட்டும் ஓடும் பார்சல் வண்டியில் இந்த ஆபத்து குறைவு. அங்கே பஞ்சு ஃபில்டர் போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், எஞ்சினும் ஓடத்தான் ஓடுகிறது. லாபமும் இல்லை என்பதுதான் அங்கே சிக்கல்.

எண்ணெய் தடவும் ஃபில்டரால் சென்சார் கெடும் என்பது உண்மையா?

எண்ணெயை அதிகமாகத் தடவினால் கெடும். பி.எஸ்.4 காலத்திலிருந்தே பல பிக்கப்களிலும், பி.எஸ்.6 வண்டிகள் சிலவற்றிலும் ஃபில்டருக்கு அடுத்து காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கிறது. உள்ளே முடிபோல மெல்லிய சூடான கம்பியோ படலமோ இருக்கும். காற்றோடு வரும் எண்ணெய்த் துளி அதில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டினால் அளவு தப்பும், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். அமைப்பின் கணக்கு குழம்பும், செக் எஞ்சின் விளக்கு எரியும். அதற்கென விற்கும் ஸ்ப்ரேயைத் தவிர வேறு எதையும் வைத்து அந்தக் கம்பியைத் துடைக்கக் கூடாது. தீப்பெட்டிக் குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்து 'சரிசெய்த' சென்சார்கள் குப்பைக்குத்தான் போகும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன். எப்படிக் கழுவிப் போடுவது?

அதோடு தந்த கிளீனரை அடித்து 10 நிமிடம் ஊறவிடுங்கள், காய விடாதீர்கள். சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்குத் தண்ணீர் போகும்படி, குழாய்த் தண்ணீரின் மெல்லிய அழுத்தத்தில் அலசுங்கள். வாட்டர் சர்வீஸ் கன் வேண்டாம், பஞ்சு கிழியும். டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. ஓரத்து ரப்பர் உப்பிவிடும். நிழலில் தானாகக் காயட்டும், ஒரு இரவு ஆகும். காற்றடித்துக் காய வைத்தால் இழை விலகிப் பொத்தல் விழும்.

முழுதாகக் காய்ந்தபின் ஒவ்வொரு மடிப்பிலும் அதற்குரிய எண்ணெயை ஒரே ஒரு கோடாக விடுங்கள். 20 நிமிடம் கழித்துப் பார்த்து, வெளுத்திருக்கும் இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம். எஞ்சின் ஆயிலை விடுவது இரண்டு வகையில் தப்பு: சீராகப் பரவாது, சொட்டிக்கொண்டும் இருக்கும். எண்ணெய் இல்லாமல் போடுவது அதைவிட மோசம். எண்ணெய் இல்லாத பஞ்சு கொசுவலைக்குச் சமம்.

ஒரு இரவு வண்டி நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டாவது செட் இல்லாதவர்கள் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு கிளம்புவதைத்தான் நடைமுறையில் பார்க்கிறோம்.

பேப்பர் ஃபில்டரைக் காற்றடித்துத் திரும்பப் போடலாமா?

கம்பெனி கையேடு அனுமதித்தால், அது சொல்லும் தடவை மட்டும். உள்ளிருந்து வெளியே, 2 பார் அழுத்தத்துக்கு மிகாமல், முனையை மடிப்பிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்து ஊத வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் 8–10 பார் இருக்கும். அதை நேராகப் பிடித்தால் பேப்பரில் ஊசித் துளைகள் விழும். டயரில் தட்டித் தூசி உதிர்ப்பது எல்லோரும் செய்வது, யாரும் செய்யக் கூடாதது. தட்டியதும் விளிம்பு நசுங்கும், அடுத்த முறை சீல் உட்காராது.

ஊதி முடித்தபின் இருட்டில் உள்ளே பல்பை விட்டுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது ஒளி புள்ளியாகத் தெறித்தால் அது குப்பைக்கு.

கேட்கக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், ஆனால் உண்மை: பேப்பர் ஃபில்டர் மிகக் குறைவாகத் தூசி பிடிப்பது புத்தம் புதிதாக இருக்கும்போதுதான். மேலே படியும் மெல்லிய தூசிப் படலமே அடுத்து வரும் பொடியைப் பிடிக்கும் சல்லடையாகிறது. வாரம் தவறாமல் கழற்றி ஊதும் அக்கறையான கிளீனர்ப் பையன் ஒவ்வொரு முறையும் அந்தப் படலத்தைக் கலைக்கிறான். கழற்றும்போது கொட்டும் தூசியில் கொஞ்சம் சுத்தமான பக்கத்துக்கும் போகிறது. வண்டியில் இரண்டு கிளீனர், ஒன்று இந்த ஏர் கிளீனர் (ஃபில்டர்), மற்றது பையன்; இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதே நல்லது.

பிறகு எப்போதுதான் மாற்றுவது?

இண்டிகேட்டர் சொல்லும்போது. ஃபில்டர் டப்பாவிலோ அதிலிருந்து வரும் குழாயிலோ சிறிய கண்ணாடிக் குமிழ் போன்ற ஒன்று இருக்கும். அடைப்பு கூடினால் உள்ளே சிவப்புப் பட்டை ஏறி அப்படியே நிற்கும். புதிய வண்டிகளில் இதையே சென்சார் பார்த்து டாஷ்போர்டில் விளக்கு போடும். பெரிய டீசல் எஞ்சின்களுக்குப் பொதுவான எல்லை 25 அங்குலத் தண்ணீர், அதாவது 635 மி.மீ.; உங்கள் எஞ்சினுக்கான எண் கையேட்டில் இருக்கும், அதுவே கடைசி வார்த்தை.

நின்றபடி ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பார்த்தால் டர்போ வண்டியில் சரியான அளவு தெரியாது. முழு லோடோடு மேடு ஏறியபின் பாருங்கள். மாற்றியதும் மேலுள்ள பட்டனை அழுத்திச் சிவப்பை இறக்க வேண்டும். இதை மறந்துவிட்டுப் புதிய ஃபில்டரையும் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

இண்டிகேட்டர் உடைந்து, அந்த ஓட்டையில் துணி அடைத்து ஓடும் வண்டிகளைப் பட்டறைகளில் நிறையப் பார்க்கலாம். அந்த ஓட்டை ஃபில்டருக்குப் பின்னால், சுத்தமான பக்கத்தில் இருக்கிறது. துணி விலகினால் ஃபில்டரே போடாததுபோல நேராகத் தூசி போகும்.

உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டரை எடுத்துவிட்டால் காற்று தாராளமாகப் போகுமே?

அதன் பெயர் சேஃப்டி எலிமென்ட். வெளி ஃபில்டர் கிழிந்தாலோ, மாற்றும்போது தூசி கொட்டினாலோ டர்போவைக் காப்பாற்ற இருப்பது. அதை ஊதக் கூடாது, கழுவக் கூடாது. வெளி ஃபில்டரை மூன்று முறை மாற்றினால் இதை ஒருமுறை மாற்றுங்கள். வெளி ஃபில்டர் புதியதாக இருந்தும் சிவப்பு ஏறினால், சேஃப்டி எலிமென்ட் அடைத்திருக்கலாம். அப்படியானால் பழைய வெளி ஃபில்டரில் ஏதோ ஓட்டை இருந்திருக்கலாம், அதைத் தேடுங்கள்.

வேறு கம்பெனியின் பேப்பர் ஃபில்டரை வாங்கலாமா, ஒரிஜினல்தான் வேண்டுமா?

வண்டிக் கம்பெனிகளுக்கே சப்ளை செய்யும் ஃபில்டர் தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரிலும் விற்கிறார்கள். அந்தப் பெட்டியை வாங்குவதில் தவறில்லை, கொஞ்சம் பணம் மிச்சமாகும். பயப்பட வேண்டியது பெயரைக் காப்பியடித்த சரக்கைப் பார்த்து.

கடையிலேயே பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மடிப்புகளின் எண்ணிக்கையும் ஆழமும் குறைந்திருந்தால் பேப்பரின் பரப்பு குறைவு, சீக்கிரம் அடைக்கும். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியோ ஓரிடத்தில் அகன்றோ இருக்கக் கூடாது. விளிம்பில் பசை இடைவெளி விட்டிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். சீல் வளையத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய் உடனே திரும்ப வேண்டும். கல்போல இருந்தாலும் களிமண்போல இருந்தாலும் வேண்டாம். உள் கம்பி வலையை லேசாக அழுத்திப் பாருங்கள். வலுவில்லாத வலை, அடைப்பு கூடும்போது உறிஞ்சலில் உள்ளே ஒடுங்கிவிடும்.

மிக நுண்ணிய இழையைப் பேப்பர் மேல் படர விட்ட ஃபில்டர்களும் சந்தையில் உண்டு. தூசி மேலேயே நின்றுவிடுவதால் அடைப்பு மெதுவாக ஏறும். கிரஷர், சுரங்கம் பக்கம் ஓடும் வண்டிக்கு அவை கொடுக்கும் விலைக்குத் தகும். மாற்றும் இடைவெளி நீளும் என்பதற்காக வாங்கலாம், மைலேஜுக்காக அல்ல.

புதிய ஃபில்டர் போட்டும் உள்ளே தூசி. எப்படி?

பெரும்பாலும் ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் கோளாறு. டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, உள்சுவரில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சுத்தமாக இருக்க வேண்டும். தூசிக் கோடு தெரிந்தால் அது தொடங்கும் இடமே ஓட்டை. ஹோஸின் அடிப்பக்க வெடிப்பு மேலிருந்து பார்த்தால் தெரியாது, கையால் வளைத்துப் பார்க்க வேண்டும். கிளாம்ப் இறுக்கியிருந்தாலும் குழாய் முனைக்கு வெளியே உட்கார்ந்திருக்கலாம். டப்பா மூடி நெளிந்திருக்கலாம்.

டப்பாவின் அடியில் ஒரு ரப்பர் வால்வு தொங்கும், உதடுபோல மூடியிருக்கும். சுழற்சியில் பிரியும் கனமான தூசியைக் கீழே துப்புவது அதன் வேலை. அது கிழிந்தோ விழுந்தோ போனால் தூசியைத் துப்புவதற்குப் பதில் உறிஞ்சத் தொடங்கும். ஃபில்டர் பாதி நாளிலேயே நிறையும். விலை மிகக் குறைவு, கவனிப்பாரும் குறைவு. வாரம் ஒருமுறை விரலால் பிதுக்கிவிட்டால் போதும்.

ஆயில் மாற்றும்போது சாம்பிளை லேபுக்கு அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள் சிலிக்கான் அளவைப் பாருங்கள். முந்தின முறையைவிட அது ஏறி, கூடவே இரும்பும் குரோமியமும் ஏறியிருந்தால் மண் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஹெட் இறக்கி எஞ்சினைப் பிரிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே கிடைக்கும் எச்சரிக்கை இது.

கேபினை வெளிப் பட்டறையில் கட்டிய வண்டி. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஆம். சேசிஸாக வாங்கி பாடி கட்டும்போது, காற்று உறிஞ்சும் வாயின் இடம் சில நேரம் அழகுக்காக மாறிவிடுகிறது. வாய் எஞ்சின் வெப்பத்துக்கு அருகில் போனால் காற்று சூடாகும். ஒவ்வொரு 3 டிகிரிக்கும் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். ஃபில்டரில் தேடிய கூடுதல் காற்றைவிடப் பல மடங்கு இழப்பு ஆகலாம். பிக்கப்களில் டப்பாவையே தூக்கிவிட்டு பானெட்டுக்குள் கூம்பு ஃபில்டரைத் திறந்த நிலையில் வைப்பதும் இதே தவறு. லோடுக்கு மேல் கட்டும் தார்ப்பாய் முனை காற்றில் பறந்து உறிஞ்சும் வாயை மூடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வேகத்தில் மட்டும் இழுவை போகும், நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

சி.என்.ஜி. வண்டிக்கு?

பெட்ரோல் எஞ்சின்போலத் திராட்டில் உள்ளது. ஃபில்டர் தடையைக் குறைத்தால் திராட்டில் அந்த அளவுக்கு மூடிக்கொள்ளும். லாபம் இல்லை.

போர்வெல் ரிக்?

திருச்செங்கோட்டுக்காரர்கள் இதைத் தவறாமல் கேட்பார்கள். ரிக்கில் துளையிடும்போது கிளம்பும் கல்மாவு நேராக முகத்தில் அடிக்கிறது. கம்ப்ரசர் எஞ்சினுக்கு ஒரு ஃபில்டர், கம்ப்ரசருக்கு ஒரு ஃபில்டர், வண்டி எஞ்சினுக்கு ஒன்று. கம்ப்ரசர் ஃபில்டர் அடைத்தால் காற்றின் அளவு குறைந்து துளையிடும் நேரம் நீளும், அந்த நேரம் முழுக்க டீசல் போகும். இங்கே அடைப்பை உடனுக்குடன் கவனிப்பதில் டீசல் மிச்சம் உண்டு. பஞ்சு ஃபில்டருக்கு இங்கே இடமே இல்லை. காற்றைச் சுழற்றிக் கனமான தூசியை முன்கூட்டியே பிரிக்கும் சைக்ளோன் பிரிகிளீனர் வைத்து, வாயை ரிக்கின் உயரமான இடத்துக்கு, காற்று வரும் பக்கத்துக்கு ஏற்றுங்கள்.

வாரண்டி போய்விடுமா?

வாரண்டிக் கையேட்டில் ஃபில்டர் பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ரிங், லைனர், டர்போ தேய்ந்து வண்டி சர்வீஸ் சென்டருக்குப் போனால் முதலில் திறப்பது ஏர் ஃபில்டர் டப்பாவைத்தான். உள்ளே வேறு வகை ஃபில்டரும் ஹோஸில் தூசியும் இருந்தால் வாதாட இடமிருக்காது. மாற்றும் ஒவ்வொரு ஃபில்டருக்கும் பில்லும், கிலோமீட்டரும் தேதியும் எழுதிய குறிப்பும் வைத்திருங்கள். ஃபில்டரின் முகப்பிலேயே மார்க்கரில் தேதி எழுதிவிட்டால் டிரைவர் மாறினாலும் குழப்பம் வராது.